பூட்டு வாங்கிய வண்டி

எங்கள் கம்பெனியில் அவருக்குப் பூட்டு என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது, நான் இல்லை. நான் வைத்திருந்தால் சாவி தொலைந்த பூட்டு என்று முழுசாக வைத்திருப்பேன். காலையில் வந்ததும் ஒரு வணக்கம், சாயங்காலம் போகும்போது ஒரு தலையசைப்பு. நடுவில் வாயைத் திறந்தால் அது லிஃப்ட்டைப் பற்றித்தான் இருக்கும். லிஃப்ட்டைப் பழுது பார்ப்பது எங்கள் கம்பெனியின் பிழைப்பு. அவர் மெக்கானிக். நான் கண்ட்ரோல் ரூமில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அதனால் எனக்குக் கண்ட்ரோல் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் உண்டு; அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

என் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். முன்பெல்லாம் மெக்கானிக்குகள் ஜோடியாகப் போவார்கள். ஒருவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை பார்ப்பார். இன்னொருவர் வெளியே நின்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். பிறகு மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. குரல் கொடுக்க ஓர் ஆள் எதற்கு, கண்ட்ரோல் ரூமில் ஒருத்தி சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்பதற்கு ஒரு மைக் இருக்கும் இல்லையா, அதே மாதிரி ஒன்றைக் கூண்டின் தலையிலும் பொருத்தினார்கள். மெக்கானிக் மேலே ஏறும்போது அதன் பொத்தானைத் தட்டி, "கண்ட்ரோல், உள்ள போறேன்" என்பார். வேலை முடிந்து தரையில் கால் வைத்ததும், "கண்ட்ரோல், வெளிய வந்துட்டேன்" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் லைனை வைக்கக் கூடாது. தலை போகிற காரியமானாலும் வைக்கக் கூடாது. உள்ளே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் கேட்பதற்கு இருப்பது இந்த ஒரு ஜோடிக் காது மட்டும்தான்.

ஆகவே பூட்டை எனக்கு முகத்தைவிட மூச்சு வழியாக நன்றாகத் தெரியும். ஸ்பேனரை இரும்பின்மேல் வைக்கும் சத்தம், முழங்காலை மடக்கும்போது வரும் முனகல், கூண்டைத் தூக்கும் கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்க்கும்போது வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகும் ஒரு பாட்டு, எல்லாம் அத்துப்படி. நாள் முழுக்கக் காதால் பிழைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே காது கேட்காத அம்மா. நான் கத்துவேன், அம்மா தலையாட்டுவாள், நான் கேட்டது ஒன்று அவள் ஆட்டியது வேறொன்றுக்காக இருக்கும். கல்யாணம் எனக்கு அமையவில்லை. வாய்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் சொல்லுவார்கள். வேறு காரணம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

பூட்டு தனியாக இருந்தாரே ஒழிய, தனி ஆள் இல்லை. மனைவி வெளிநாட்டில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு வருடம் என்று போனவர், அது நாலாகி, நாலு ஆறாகி, அங்கேயே இருந்தார். அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிய இருந்தது. முடிந்ததும் திரும்பி வருவாரா, மறுபடி கையெழுத்துப் போட்டு அங்கேயே இருந்துவிடுவாரா? பூட்டின் வாழ்க்கையில் கேள்வி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதை அவர் மனைவியிடம் கேட்கவில்லை. எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டார்.

அவருடைய பழைய பைக் அந்த மழைக்காலத்தோடு படுத்துவிட்டது. பட்டறைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் இதை எழுப்பினால் பாவம் என்று சொல்லிவிட்டார். அதில் பெரிய வருத்தம் ஒன்றும் பூட்டுக்கு இல்லை. ஏனென்றால் மனைவி கடைசியாக விடுமுறைக்கு வந்திருந்தபோது, அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து நகரத்தைச் சுற்றிவிட்டு இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அடுத்த தடவை நான் வருவதற்குள் வேறு வண்டி வாங்கிவிடுங்கள், என் முதுகு போய்விட்டது என்று. முதுகு வலிக்காரர்கள் யாரும் சொல்லக்கூடியதுதான். ஆனால் பூட்டு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறது என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள் அல்லவா!

ஷோரூமுக்குப் போனார். அவருடைய காசுக்கும் தேவைக்கும் ஏற்றதாக இரண்டு வண்டிகள் மிஞ்சின. இரண்டும் ஒரே ஜாதி. எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் எலும்பும் நரம்பும் வெளியே தெரிய நிற்கிறவை. அதற்கு நேக்கட் பைக், அதாவது அம்மண வண்டி, என்று பெயராம். அவர் லைனில் முதல்முதலாக அதைச் சொன்னபோது, ஒரு கல்யாணமாகாத பொம்பளை காதில் சொல்லுகிற பேச்சா இது என்று கேட்டேன். லைனின் அந்தப் பக்கம் ஸ்பேனர் கீழே விழுந்தது. பிறகு அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சின்னது சாம்பல் நிறம், ஒரு சிலிண்டர், எடை குறைவு. பெரியது கரும்பச்சை, இரண்டு சிலிண்டர், கனம். அன்று முதல் கூண்டின் தலையில் நின்றுகொண்டு பூட்டு எனக்கு இரண்டு வண்டியின் ஜாதகத்தையும் வாசித்துக் காட்டினார். வேறு யாரிடமாவது நாலு வார்த்தை தொடர்ந்து பேசியிருப்பாரா என்று சந்தேகம். ஷாஃப்ட்டுக்குள் இருட்டில், முகம் தெரியாத இடத்தில் அவருக்குப் பேச வந்தது. ஷாஃப்ட் என்பது லிஃப்ட் ஏறி இறங்கும் அந்தச் செங்குத்துச் சந்து. அதிலிருந்து வரும் குரலுக்கு ஒரு எதிரொலி இருக்கும். அவர் பேசினால் அவரே அவருக்குப் பதில் சொல்வதுபோல் கேட்கும்.

ஓட்டிப் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு சூப்பர் என்று சொல்லுகிற ரகம் இல்லை அவர். வேலைக்குப் போகிற அதே சாலையில், அதே காலை நெரிசலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் முதலில் மகிழ்ந்தார், பிறகு பின்னால் தொற்றிக்கொண்டு போனார், பிறகு சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். இன்னும் கொஞ்ச நாள் போனால் ஷோரூமில் இவருக்குச் சம்பளம் போட்டுவிடுவார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

சின்னதன் கிளட்ச் இரண்டு விரலுக்கு அடங்கும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே சந்து கிடைத்தால் புகுந்து வந்துவிடலாம். சிக்னலில் நின்றால் காலில் சூடு தெரியாது. அவர் குடியிருக்கும் கட்டிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்த அவருக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் அது சமர்த்தாக நிற்கும். குறை ஒன்றே ஒன்று. பின்சீட்டு என்ற பெயரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒன்றை வால் நுனியில் தூக்கி ஒட்டியிருந்தார்கள்.

பெரியதில் பின்சீட்டு அகலம், மெத்தென்று இருக்கும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. பள்ளத்தில் இறங்கினால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஆனால் நெரிசலில் அதை உருட்டுவதற்குள் தோள் இறங்கிவிடும். சிக்னலில் தொடை வேகும். தூண்களுக்கு நடுவே நுழைக்க முன்னும் பின்னுமாக நாலு தடவை இழுக்க வேண்டும். வேலைக்குப் போய்வருகிற ஒரு தனி மனிதனுக்கு எது சரி என்று குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும். பூட்டு மட்டும் மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஊரையே கேட்க ஆரம்பித்தார். வாயைத் திறக்காத மனிதர் திறந்தால் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். கம்பெனி இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சூப்பர்வைசர் பெரிய கட்சிக்குத் தலைவர். வீட்டுக்காரம்மா வரப்போகிறார், அவரை ஒரு கௌரவமாக உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டாமா என்பது அவர் வாதம். வாட்ச்மேன் சின்னக் கட்சி. சாருக்கு இருக்கிற முழங்காலுக்கு அந்த எருமையைத் தள்ள முடியுமா என்பது அவர் வாதம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருவரும் தினமும் கேட் அருகே நின்று சண்டை போட்டார்கள். சின்னது ஜெயித்தால் கம்பெனி முழுவதற்கும் டீ என்று வாட்ச்மேன் சபதம் போட்டிருந்தார். எல்லோருக்கும் விளையாட்டு. ஆனால் எல்லா வாதத்துக்கும் பூட்டு கடைசியில் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அவ வந்தா பின்னாடி உக்காரணும்ல." இதைக் கேட்டுக் கேட்டு, பெரிய வண்டி என்றால் மனைவி வருகிறார், சின்ன வண்டி என்றால் வரவில்லை என்று வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் மனசில் பதிந்துபோயிற்று. அப்படி ஒரு அர்த்தத்தை அவரேதான் ஊர் முழுக்க விதைத்தார்.

ஒருநாள் உள்ளே வேலை பார்த்துக்கொண்டே, நானும் அவர் மனைவியும் ஒரே உயரம், ஒரே வாகு என்றார். அதனால் என்ன என்றேன். சாப்பாட்டு நேரத்தில் ஷோரூம் வரை வந்து, பெரியதன் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். லிஃப்ட்காரர்கள் புத்தி அப்படி. ஆளை ஏற்றுவதற்கு முன்னால் அதே எடைக்கு இரும்புக் கட்டிகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். நான்தான் அந்த இரும்புக் கட்டி. வேறு யாராவது கேட்டிருந்தால் காது கிழியக் கொடுத்திருப்பேன். அந்த மனுஷன் கேட்ட விதத்தில் எனக்குத் திட்ட வரவில்லை.

போனேன். டை கட்டியவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மேடம் வந்துட்டீங்களா, இனி முடிவாயிடும் என்று கும்பிட்டார். நான் அந்த மேடம் இல்லை என்று சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஷோரூம் இருந்த கட்டிடங்களின் வரிசையைச் சுற்றி, பள்ளிக்கூடத்து மதிலோரமாக, பாலத்தின் மேல் ஏறி இறங்கிக் கூட்டி வந்தார். வண்டி தண்ணீரில் போவது மாதிரி போயிற்று. 

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் பூட்டுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. அந்த மாதிரிக் கதை தேடுகிறவர்கள் வேறு வீட்டுக் கதவைத் தட்டலாம். ஆனால் பாலத்தின்மேல் காற்று அடித்தபோது, ஒருவர் முதுகுக்குப் பின்னால் இப்படி உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தேன். அப்பா இருந்தபோது உட்கார்ந்தது. அதற்குப் பிறகு பஸ், ஷேர் ஆட்டோ, நடை. எனக்குத் துக்கமாக இருந்தது. இறங்கியதும் என்னவென்று கேட்டார். சீட்டு நன்றாக இருக்கிறது, இடுப்பு வலிக்கவில்லை, தைரியமாக வாங்கலாம் என்றேன். அது உண்மைதான். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் வாங்கவில்லை. மனைவி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தார். வாரம் தவறாமல் போனில் கேட்டார். அந்த அம்மாவின் பதிலையும் எனக்குச் சொல்லுவார். உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. போட்டோ பார்த்தேன், அப்புறம் பேசுகிறேன். பூட்டு இதையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, அவளுக்குப் பச்சை நிறம் பிடிக்கவில்லையோ, வேறு நிறம் கேட்டுப் பார்க்கட்டுமா என்பார். ஆறு வருடம் ஒரு மனுஷி தொலைவில் இருந்தால் நிறத்தைப் பற்றியா யோசிப்பாள் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஊரில் யாருக்கும் பயப்படாத நாக்கு, அந்த இடத்தில் உள்ளே போய்விட்டது. பச்சை பலருக்குப் பிடிக்காதுதான் என்று சொன்னேன்.

ஒருநாள் காலை பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று புகார். பூட்டைத்தான் அனுப்பினோம். "கண்ட்ரோல், உள்ள போறேன்" என்றார். கூண்டைக் கடைசி மாடிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கதவின் பூட்டுக் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஷாஃப்ட்டுக்குள் செல்போன் எடுக்காது. உச்சி மாடிக்குப் போனால் மட்டும் எடுக்கும். அவருடைய செல்போன் அடித்தது.

கை முழுக்க கிரீஸ் என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். மனைவிதான். ஷோரூமிலிருந்து தனக்குப் போன் வருகிறது, நம்பரைக் கொடுத்தது யார் என்று கேட்டார். பூட்டுதான் கொடுத்திருந்தார். டை கட்டியவர் பொறுமை போய், கடல் கடந்து அந்த அம்மாவையே கூப்பிட்டு, எந்த வண்டி மேடம் என்று கேட்டிருக்கிறார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லைன் திறந்திருப்பதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் அப்படி மறப்பது உண்டு. மைக்கை மறந்து மேனேஜரைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள், மாமியாரைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் ஒரு இருமல் இருமி ஞாபகப்படுத்துவேன். இந்தத் தடவை இருமத் தயாரானபோது அந்த அம்மாவின் குரலைக் கேட்டேன். அதில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. இருமினால் பேச்சு நின்றுபோகும். நின்றால் மறுபடி எப்போதும் நடக்காது என்று தோன்றியது. லைனை வைக்கவும் வழி இல்லை. என் பக்கத்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"நீ ஒரு வார்த்த சொன்னா வாங்கிடலாம்னுதான்" என்றார் பூட்டு.

"ஓட்டப் போறது நீங்கதானே."

"உக்காரப் போறது நீதானே."

 அந்தப் பக்கம் பின்னணியில் ஏதோ பெரிய இயந்திரம் சுழலும் ஓசை மட்டும் கேட்டது. துணி துவைக்கிற இயந்திரமாக இருக்கும்.

"சின்னதே வாங்குங்க" என்றார் அந்த அம்மா.

"அதுல பின்சீட்டு ரொம்பச் சின்னது. உன்னால உக்காரவே முடியாது."

"தெரியும். போட்டோவுல பாத்தேன். சின்னதே வாங்குங்க."

 பூட்டின் மூச்சு எனக்குக் கேட்டது. கனமான ஒன்றைத் தூக்குவதற்கு முன்னால் எடுக்கிற மூச்சு. அவர் இப்படி மூச்செடுத்தால் அடுத்து என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த முனகல் வரும். அது வரவில்லை.

"நீ வரப் போறதில்லையா?" என்று கேட்டார்.

ஆறு வருடத்தில் முதல் தடவை.

"இல்ல" என்றார் அந்த அம்மா. "போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன். இந்தத் தடவ ரெண்டு வருஷத்துக்குன்னு இல்ல. இங்கயே இருந்துடலாம்னு இருக்கேன். எனக்குப் பழகிடுச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க வண்டியப் பத்தித்தானே கேட்டீங்க. என்னைப் பத்தி எப்ப கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அதற்குமேல் அவர்கள் அதிகம் பேசவில்லை. அந்த அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இவர் சரி என்றார். யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

எனக்கு அந்த அம்மாவின்மேல் ஆத்திரம் பொங்கியது. ஒரு நிமிஷம்தான். பிறகு இவர்மேல் வந்தது. மாசக் கணக்கில் போனில் கிளட்ச் பற்றியும் சூடு பற்றியும் பேசியிருக்கிறாரே, எப்படி இருக்கிறாய், அங்கே யாரோடு சாப்பிடுகிறாய், என்னோடு இருக்க உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதா? கேட்டால்தானே பதில் சொல்லுவாள். பிறகு அந்த ஆத்திரமும் போய், வெறும் துக்கம் மட்டும் மிஞ்சியது. லைனில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. முறுக்கினார், தளர்த்தினார், மறுபடி முறுக்கினார். ஒரே போல்ட்டைத்தான் என்று சத்தத்தில் தெரிந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைக்காரி டீ வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"கண்ட்ரோல், வெளிய வந்துட்டேன்" என்றார் கடைசியில். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. சரி என்று சொல்லி லைனை வைத்தேன். 

அடுத்த சில வாரங்கள் வண்டிப் பேச்சே எடுக்கவில்லை. கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார், பஸ்ஸில் போனார். என்னாச்சு சார், எந்தக் கட்சி ஜெயிச்சது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் அம்மாவிடம் மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது முழுவதையும் சொன்னேன். அவளுக்குக் கேட்காது என்பதால்தான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்றாள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, பூட்டு சாம்பல் நிறச் சின்ன வண்டியில் வந்து இறங்கினார்.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்து கேட்டைத் திறந்தார். வண்டியைப் பார்த்தார். அவர் கட்சி ஜெயித்திருக்கிறது. டீ வாங்கித் தருகிறேன் என்று சபதம் போட்டவர். ஜெயித்தால் கம்பெனி முழுக்கக் கேட்கும்படி கத்துவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் கத்தவில்லை. வண்டி நல்லா இருக்கு சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்தப் போனார். சாத்துவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது; அவர் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். சூப்பர்வைசர் வெளியே வந்தார், டேங்க்கை ஒரு தட்டுத் தட்டினார், மைலேஜ் என்ன கொடுக்கும் என்று கேட்டார். பதில் வருவதற்கு முன்னாலேயே தலையாட்டினார்.

யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேறு எந்த மனுஷனும் இப்படித் தன் வீட்டு விஷயத்தை ஒரு வண்டியின் மேல் ஏற்றி வேலை பார்க்கும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்திருக்கமாட்டான். பெரியதை வாங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தொடை வெந்தாலும் தோள் இறங்கினாலும் கௌரவம் நின்றிருக்கும். அந்தக் கௌரவம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். அவரை நான் மதித்தது அன்றுதான். அதுவரைக்கும் பாவப்பட்டேன், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் கயிறு பார்க்கப் போனார். "கண்ட்ரோல், உள்ள போறேன்" என்றார். கொஞ்ச நேரம் வேலை நடந்தது.  ஒட்டுக் கேட்டவள் என்ற எண்ணத்தோடு அவர் மூச்சை இனிமேல் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது? சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"அன்னைக்கு அந்த ஆபீஸ் லிஃப்ட்டுல" என்று ஆரம்பித்தேன். "உங்களுக்கு போன் வந்தப்ப, லைன் திறந்தே இருந்துச்சு. நான் வைக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றார்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறக்கல" என்றார். பிறகு கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "வீட்டுல எத்தனையோ தடவ கேட்டுடலாம்னு போன எடுத்திருக்கேன். அவ வரலன்னு சொல்லிட்டா, போன வெச்சதுக்கப்புறம் அந்த ரூம்ல நான் மட்டும் இருக்கணுமேன்னு, வண்டியப் பத்திப் பேசிட்டு வெச்சுடுவேன். அன்னைக்கு லைன்ல நீங்க இருந்தீங்க. அதான் கேட்டேன்."

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.  கண்ணாடிக்கு அப்பால் பக்கத்து மேசைக்காரி யாருடைய புகாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஷாஃப்ட்டுக்குள் எங்கோ மேலே ஒரு கதவு மூடிக்கொள்ளும் ஓசை எதிரொலித்து அடங்கியது.

"கண்ட்ரோல்" என்றார் அவர். "இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.